அம்மா பந்து விளையாடிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அம்மா பந்து விளையாடினாள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் சொந்தக்காரர்கள் யாராவது குரலைத் தாழ்த்தினால், நான் வேண்டுமென்றே குரலை உயர்த்துவேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையும் முடிந்த பிறகு கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு த்ரோபால் ஆடினாள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

தொண்ணூறுகளின் கடைசி அது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் முதலில் பெங்களூருக்கு வந்தவர் பெரியப்பா. ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவர் கட்டிய வீட்டின் மாடியில் நாங்கள் இருந்தோம். சமையல் மட்டும் கீழே, ஒரே அடுப்பில். அப்பாவுக்கு லேத் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவர் பெரியப்பா. அம்மாவை மாத்திரைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஆகவே அந்த வீட்டில் அவர் கருத்தெல்லாம் சொல்வதில்லை, நேராகத் தீர்ப்புத்தான் சொல்வார்.

பெரியப்பாவுக்கு விளையாட்டு பிடிக்காது என்று நான் சொன்னால் அது பெரிய பொய். டிவியில் கிரிக்கெட் வந்துவிட்டால் வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. யாராவது ஒரு ஆட்டக்காரர் பந்தைக் கோட்டைவிட்டால், சோபாவில் படுத்தபடியே, "ஒடம்பு வளையுதா பாரு இவனுக்கு" என்று கத்துவார். அவருடைய உடம்பு வளைவது கீழே இருக்கும் முறுக்குத் தட்டை எடுக்க மட்டும்தான். விளையாட்டு மனுஷனுக்கு நல்லது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. யாருக்கு என்பதில்தான் தெளிவாக இருந்தார்.

அதற்கு முந்தைய வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறப்பதாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "தம்பி சாமிகிட்ட போயிட்டான்" என்று பெரியம்மா சொன்னாள். எந்தச் சாமி என்று நான் கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்று சொல்ல முடியாது. "தலையைக் காட்டு", "மணியாச்சு", "பாலைக் குடி" இவை மட்டும் மிச்சமிருந்தன. குழாயடியில் குடம் நிறைந்து தண்ணீர் வழிந்து தெருவில் ஓடும். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். இடுப்பு வலி, தலைவலி, கைகால் குடைச்சல் என்று உடம்பில் ஒவ்வொரு இடமாக நோவு வந்து தங்கியது. தூக்கம் மட்டும் வரவில்லை. வைத்தியத்துக்குக் குறைவில்லை. கழுத்தில் தாயத்து ஏறியது. சந்துமுனை டாக்டர் வாரம் ஒரு ஊசி போட்டார். பெரியம்மா கசப்பாக ஏதோ காய்ச்சிக் கொடுத்தாள். அப்பா தன் பங்குக்குப் பெரிய பாட்டிலில் டானிக் வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டு, அதையே அடிக்கடி கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் வேலை நேரத்தில் அம்மா மயங்கி உட்கார்ந்துவிட்டாள். கம்பெனியின் முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் ஒரு கன்னடக்காரி. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, குரலும் அதே அளவு. எங்கே வலிக்கிறது என்று கேட்டாளாம். எல்லா இடத்திலும் என்றாளாம் அம்மா. ஊரெல்லாம் விழுங்க மாத்திரை செய்து அனுப்பும் அந்தக் கம்பெனியில், அம்மாவுக்கு மாத்திரை கொடுக்காமல் அனுப்பிய ஒரே ஆள் அந்த நர்ஸ்தான். "ஷிப்ட் முடிஞ்சு கிரவுண்டுக்கு பா அக்கா. டீம்ல ஒரு ஆளு கம்மி. நீ ஒண்ணும் பண்ண பேடா, சும்னே நின்னா போதும்" என்று, ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா வந்து நில் என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொல்லியிருக்கிறாள். அம்மா அவளை "சிஸ்டர்" என்பாள், அவள் அம்மாவை "அக்கா" என்பாள். ஆகவே இரண்டு பேரும் கூடப் பிறந்தவர்கள், ஏதோ காரணத்தால் என்னிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று பள்ளிக்கூடத்திலிருந்து என்னை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகாமல் கம்பெனிக்குப் பின்னால் இருந்த செம்மண் மைதானத்துக்குப் போனாள். நடுவில் வலை கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் பெண்கள். ஆட்டம் எனக்கே உடனே புரிந்துவிட்டது. வலைக்கு மேலே வரும் பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தாமதிக்காமல் எதிர்ப்பக்கம் வீச வேண்டும், அவ்வளவுதான். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வரிசையில் நின்றாள். முதல் பந்து அவளிடமே வந்தது. பிடித்தாள். பிடித்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

விசில் ஊதியது. பந்து உடம்பில் படக்கூடாது என்பது சட்டம். மறுபடி வந்தது, மறுபடி பிடித்தாள், மறுபடி நெஞ்சோடு அணைத்தாள். சின்னப் பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். "மார்ல சேர்க்காதே அக்கா" என்று நர்ஸ் அங்கிருந்தே கத்தினாள். "கையில பிடி, பிட்டுபிடு! பிட்டுபிடு அக்கா!" விட்டுவிடு என்று கன்னடத்தில் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு எளிதான ஒரு விஷயம் அம்மாவுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் தெரியவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. எத்தனையோ தடவைக்குப் பிறகு, ஒரு பந்தை அம்மா தலைக்கு மேலேயே பிடித்து நிறுத்தினாள். ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு வீசினாளே பார்க்கணும்! அது வலையைத் தாண்டி, எதிர்க்கட்சியைத் தாண்டி, காம்பவுண்டு சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. கணக்குப்படி அது எதிர்க்கட்சிக்குத்தான் புள்ளி. ஆனாலும் இரண்டு பக்கத்துப் பெண்களும் கைதட்டினார்கள். அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

இப்படி ஆரம்பித்தது. விளையாட்டால் உடம்புக்கும் மனசுக்கும் வருகிற நன்மைகளைப் பள்ளிக்கூடத்தில் பின்னால் கட்டுரையாக எழுதச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்த நன்மைகளை முதலில் அனுபவித்தவள் நான்தான். அம்மா மறுபடியும் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். ஹோம்வொர்க் நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் குறட்டைச் சத்தம் கேட்டு ஒரு காலையில் விழித்துப் பார்த்தால், அது அப்பா இல்லை. குடம் வழிவதற்குள் குழாயை மூடினாள். தள்ளுவண்டிக்காரரிடம் தக்காளிக்குச் சண்டை போட்டு ஜெயித்தாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். டானிக் பாட்டில் மட்டும் திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. அப்பா இப்போது அதைப் பார்ப்பதில்லை.

செம்மண்ணில் சேலையோடும் வெறுங்காலோடும் எத்தனை நாள் ஆட முடியும்? அம்மா சுடிதாருக்கு மாறினாள். ஒரு விடுமுறை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி சிவாஜிநகர் போனாள். கறிக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி, ஒரு சந்துக்குள் மூட்டை மூட்டையாய்ச் செருப்பு குவித்து வைத்திருந்த ஒரு பாயிடம் போய், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வேண்டும் என்றாள்.

"யாருக்கும்மா? பையனுக்கா?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு" என்றாள்.

"உங்களுக்கா? லேடீஸ் செப்பல் அந்தாண்ட இருக்குதே."

"செப்பல் வேணாம் பாய். ஓடறதுக்கு ஷூ வேணும்."

பாய் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையைக் கவிழ்த்து, பையன்கள் சைஸில் ஒரு ஜோடி தேடி எடுத்து, லேஸ் கட்டிக் கொடுத்து, "ஓடித்தான் பாருங்களேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. அம்மா ஓடிவிட்டாள். கைவண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, சந்தின் முனை வரைக்கும் ஓடி, திரும்பி ஓடிவந்தாள். அவளுடைய பழைய செருப்பைக் கையில் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். சந்தே பார்த்தது. மூச்சு வாங்க, "சரியா இருக்குது" என்றாள் பாயிடம்.

வீட்டு வாசலில் அந்த ஷூவைப் பார்த்ததும் பெரியப்பாவின் தீர்ப்பு வந்தது. வழக்கம்போல அம்மாவிடம் இல்லை, அப்பாவிடம். கல்யாணமான பொம்பளை மைதானத்தில் குதிப்பது எந்த ஊர் வழக்கம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். அந்த நாலு பேர் யார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உண்மையான காரணத்தைச் சொன்னது பெரியம்மாதான், சமையலறையில். "குதிச்சா வயித்துல ஒண்ணும் தங்காதுடி. இன்னொரு பையன் பொறக்க வேணாமா உனக்கு?"

"ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே ஆடலாம்னு சொல்லிட்டாங்க அக்கா."

"டாக்டரம்மாவா உனக்குப் பெத்துக் குடுப்பா?"

அதற்கு இரண்டொரு நாள் கழித்து ஷூ காணாமல் போனது. அம்மா யாரிடமும் கேட்கவில்லை. வெறுங்காலோடு போய் ஆடி, பாதத்தில் கல் குத்திய ரத்தத்தோடு நொண்டிக்கொண்டு வந்தாள். மாடிக்குப் போகாமல், எல்லார் கண்ணிலும் படும்படி வாசற்படியிலேயே உட்கார்ந்து கழுவினாள். மறுநாள் காலை ஷூ பழைய இடத்திலேயே இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னாலிருந்து அப்பா அதை எடுத்துவந்து வைத்ததை நான் மட்டும் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் ஒன்றுமே நடக்காதது போலச் சட்டையில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டார். அப்பாவின் புரட்சி அவ்வளவுதான். ஆனாலும் அதற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் பெண்கள் அணிகளுக்குப் போட்டி. அதே ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியப்பா வேன் பேசியிருந்தார். ஓசூரைத் தாண்டி மலைமேல் ஓர் அம்மன் கோயில். பிள்ளை வேண்டுபவர்கள் அங்கே போய் மரத்தில் சின்ன மரத்தொட்டில் கட்டிவிட்டு வருவார்கள். அம்மா தன் கையால் கட்ட வேண்டும் என்று பெரியம்மா தொட்டிலும் வாங்கி வைத்துவிட்டாள். போட்டியைப் பற்றி அம்மா முன்கூட்டியே இரண்டு முறை சொல்லியிருந்தாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பெரியப்பா முன்சீட்டில். பெரியம்மா தேங்காய் பழப் பையோடு நடுவில். அப்பா பின்னால், அவருக்குப் பக்கத்தில் நான், என் மடியில் தொட்டில். அம்மா படியிறங்கி வந்தாள். சுடிதாருக்கு மேலே கம்பெனி கொடுத்த நீல டீ-ஷர்ட், காலில் வெள்ளை ஷூ.

பெரியப்பா அவளைப் பார்க்காமல் பின்பக்கம் திரும்பி, "டேய், உம் பொண்டாட்டிய பொடவை கட்டிக்கினு வரச் சொல்லு" என்றார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "நான் வரல மாமா. நீங்க போயிட்டு வாங்க."

அவரை நேராகப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. பெரியப்பாவுக்குத் திரும்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"உனக்காகத்தாம்மா போறது. நீ வரலன்னா எப்படி?"

"எனக்கு மேட்ச் இருக்குது மாமா."

"மேட்ச்சா?" என்றார் பெரியப்பா. தினமும் அவர் வாயில் புழங்குகிற சொல்தான் அது. அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவர் மாதிரி சொன்னார்.

தெருவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வேனுக்குள்ளிருந்தே கேட்டாள்: "அந்தப் பந்துதான் உனக்குப் புள்ளையா?"

அம்மா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. "புள்ள போயிடுச்சு அக்கா" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் இருக்கறேன்."

அந்தச் சமயத்தில் நான் தொட்டிலை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு வேனிலிருந்து குதித்து இறங்கினேன். கொள்கைக்காக இறங்கினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், மலைப்பாதையில் வேனில் போனால் எனக்கு வாந்தி வரும். பெரியப்பா "வண்டிய எடு" என்றார். தொட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பின்கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

மைதானத்துக்கு நடந்தோம். அம்மா இரண்டு தடவை நின்று, வேன் போன திசையைத் திரும்பிப் பார்த்தாள். "பயப்படாதம்மா, ஜெயிச்சிடுவோம்" என்றேன். நான் மேட்ச்சைச் சொன்னேன்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியோடு. எல்லாம் கல்யாணமாகாத சின்னப் பெண்கள், மான்குட்டி போலத் துள்ளினார்கள். ஒருத்தி அம்மாவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுச் சிரித்தாள். அடுத்த பந்தை அம்மா அவள் காலடியில்தான் இறக்கினாள். இரண்டு செட் ஆளுக்கு ஒன்றாக முடிந்தது. மூன்றாவது செட்டில் ஒரு பந்தைப் பிடிக்கும்போது அம்மாவின் மோதிர விரல் மடங்கி, சட்டென்று வீங்கிவிட்டது. நர்ஸ் ஓடிவந்து அந்த விரலைத் துணியால் சுற்றினாள். வெளியே வா என்றதற்கு அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீசிய பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததென்று நடுவர் விசில் ஊதினார். ஏதோ ஒரு கம்பெனியின் ஆபீசர் அவர், இன் செய்த சட்டை போட்டிருந்தார். அம்மா நேராக அவரிடம் போனாள். "லைன் மேலே பித்திதே சார், நோடி!" கோட்டின் மேலேதான் விழுந்தது, பாருங்கள் என்று தரையைக் காட்டிச் சண்டை போட்டாள். கன்னடத்தில் ஆரம்பித்து, கோபம் ஏற ஏறத் தர்மபுரித் தமிழுக்கு வந்துவிட்டாள். நடுவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டடி பின்னால் போனார். தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை.

தோற்றார்கள். கொஞ்சத்தில்தான் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா செம்மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். உடம்பெல்லாம் வேர்வை, முழங்காலில் சிராய்ப்பு, வீங்கிய விரல். நர்ஸின் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, தோத்துட்டோம்" என்றேன்.

"ஆமா, தோத்துட்டோம்" என்றாள். "அந்தப் பொண்ணு கால்ல எறக்கினேனே, அதைப் பாத்தியா நீ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வரைக்கும் அவளோடு பேசவில்லை.

அம்மா அதற்குப் பிறகும் பல வருஷம் ஆடினாள். நடுவில் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். அதைப் பெரியம்மா அம்மனின் வரம் என்றாள், நர்ஸ் த்ரோபாலின் பலன் என்றாள். இரண்டு பேரிடமும் அம்மா மறுத்துப் பேசவில்லை. தங்கை நடக்க ஆரம்பித்ததும் அவளையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். பெரியப்பாவும் பிற்காலத்தில், டாக்டர் சொன்னார் என்று, வெள்ளை ஷூ ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கைச் சுற்றி நடந்தார். யாருடைய ஷூவைப் பார்த்து வாங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலம் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நாங்கள் வந்து குளித்து, அம்மா கட்டுப்போட்ட விரலோடு சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து இறக்கும்போது வேன் வந்து நின்றது. தொட்டிலைப் பெரியம்மாவே கட்டிவிட்டு வந்திருந்தாள். அம்மாவின் மணிக்கட்டில் கட்ட மஞ்சள் கயிறு கொண்டுவந்திருந்தாள். அம்மா விரலைக் காட்டி, "இப்ப வேணாம் அக்கா, வீங்கியிருக்குது" என்றாள். அப்பா அந்த விரலைப் பார்த்தார், கிட்டே வந்து நின்றார்.

பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்தார். டிவி போடவில்லை. "நாளையிலிருந்து கம்பெனி விட்டா நேரா வூட்டுக்கு வரணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"செவ்வாக்கிழமை பிராக்டிஸ் இருக்குது மாமா" என்றாள் அம்மா.

அவர் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவள் உள்ளே போய்ச் சோற்றுப் பாத்திரத்தையும் குழம்பையும் ஒரு தட்டையும் எடுத்துவந்தாள். எங்கள் வீட்டில் முதலில் ஆண்கள் சாப்பிடுவார்கள், பிறகு நான், கடைசியில் சமையலறைத் தரையில் பெரியம்மாவும் அம்மாவும். பெரியப்பாவுக்குத்தான் வைக்கப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். அம்மா கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தன் தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டாள். குழம்பை ஊற்றி, கட்டுப்போட்ட விரலைத் தனியாகத் தூக்கி வைத்துக்கொண்டு, மிச்ச விரல்களால் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பெரியம்மா கதவோரம் கயிற்றோடு நின்றாள். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அம்மா தலைநிமிர்ந்து, பெரியப்பாவைப் பார்த்தபடியே மென்றாள். இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள்.

நான் போய் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினேன். ஒரு பெரிய உருண்டை வைத்தாள். பாவம், காலையிலிருந்து ஓடியிருக்கிறாள், தாங்க முடியாத பசி போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.